அரை மில்லி விளிம்பு

தம்பியின் பட்டறை மேஜையில் நான்கு துண்டுகளை வரிசையாக வைத்தாள். அலுமினியம். த்ரீ-டி பிரிண்டரில் எடுத்த பிளாஸ்டிக். கார்பன் துணி சுற்றிய நுரை. மரம். நான்கும் ஒரே நீளம், ஒரே அகலம்.

"ஜவுளிக்கடை மாதிரி விரிச்சு வச்சிருக்க," என்றான் தம்பி. "எதை எடுக்கப் போற?"

"எது வளையலையோ அதை."

அவள் சிறிய ஆளில்லா விமானங்களுக்கு இறக்கை வடிவமைப்பவள். தம்பி மேஜை, நாற்காலி, அலமாரி செய்பவன். இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய புது இறக்கையின் மாதிரியை மரத்தில் செய்து கொடுத்தவனும் அவன்தான். அறுபது சென்டிமீட்டர் நீளம். அதை, இறக்கைகளைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் மாட்டிக் காற்றை ஓட்டினார்கள். இறக்கையைக் காற்று பின்னால் இழுக்கும் விசைக்கு இழுவை என்று பெயர். அது பழைய இறக்கையைவிடக் குறைவாக வரும் என்று அவள் கணக்கு சொன்னது. கூடுதலாக வந்தது.

அலுவலகத்தில் யாரும் கடுமையாகப் பேசவில்லை. பழையதே இருக்கட்டும் என்றார் மேலாளர். புது இறக்கை அவளுடைய மூன்று வருட வேலை. காற்றின் வேகத்தில் மரம் முறுக்கிக்கொண்டிருக்கும், வேறு பொருளில் செய்து பார்க்கலாம் என்று அவள் கேட்டாள். அவர் காலண்டரைப் பார்த்தார். சுரங்கம் ஒரு நாள் காலியாக இருந்தது, பதினோரு நாள் கழித்து. அன்றும் எண் குறையவில்லை என்றால் அந்த இறக்கையைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றார்.

அலுமினியத் துண்டின் ஒரு முனையை வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கினாள். மறு முனையில் முன்னால் ஒரு குண்டூசி, பின்னால் ஒரு குண்டூசி. நடுவில் தண்ணீர் நிரப்பிய கேனைத் தொங்கவிட்டாள். இரண்டு ஊசியும் ஒரே அளவு இறங்கினால் வெறும் வளைவு. ஒன்று அதிகம் இறங்கினால் முறுக்கு.

தம்பி ஸ்கேலைப் பிடித்துக் குனிந்தான்.

"அசையவே இல்ல."

"இதுல இறக்கை செய்ய லேத்துக்காரர் மூணு வாரம் கேட்கிறார்."

"அப்ப அசைஞ்சா என்ன, அசையலைன்னா என்ன."

பிளாஸ்டிக்கை மாட்டினார்கள். கேனைத் தொங்கவிட்டதும் நுனி குனிந்தது. எடுத்ததும் நிமிர்ந்தது.

"இது எது சொன்னாலும் தலையாட்டுது," என்றான். "உன் ஆபீஸ்ல சேர்த்துக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டாள்.

கார்பன் சுற்றிய நுரை நன்றாகத் தாங்கியது. ஆனால் அதற்கு முதலில் அச்சு செய்ய வேண்டும். அச்சுக்கு ஒரு வாரம், உள்ளே அது இறுகி வர இன்னொரு வாரம். நாளை எண்ணிப் பார்த்து ஓரமாக வைத்தாள்.

கடைசியாக மரம். முதல் மாதிரியைச் செய்தபோது மிஞ்சிய அதே மஹோகனிப் பலகையிலிருந்து அறுத்த துண்டு. வைஸை அவனே இறுக்கினான். கேனை அவள் மாட்டினாள்.

இரண்டு ஊசியும் ஒரு மில்லிமீட்டர் இறங்கின. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

"இன்னொரு கேன் கொண்டா," என்றாள்.

சுரங்கத்தில் வரும் பாரத்தைப் போல இரண்டு மடங்கு. இரண்டு ஊசியும் இரண்டு மில்லி.

தம்பி நிமிர்ந்தான். "என் மரம் முறுக்கல."

"முறுக்கல."

"அதைக் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுச் சொன்னா என்ன?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மரம் தப்பு பண்ணலைன்னா தப்பு என் கணக்குலதான்."

அவன் கேன்களை ஒவ்வொன்றாக இறக்கினான். தண்ணீரை வாளியில் ஊற்றினான்.

மாடிப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தம்பியின் மனைவி தட்டில் மூன்று டீயோடு வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"என்ன அண்ணி, சண்டையா? சொல்லியிருந்தா சீக்கிரம் வந்திருப்பேனே."

"சண்டை இல்ல. கணக்கு உதைக்குது."

"டீயைக் குடிச்சுட்டு உதைக்கட்டும்." தட்டை நீட்டினாள். "பயப்படாம பிடிங்க, கையைக் கிழிக்காது. தகரத் தட்டுதான், போன வாரம் வாங்கினேன். வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி இவர் பிடுங்கி ஓரமெல்லாம் தேய்ச்சுட்டார். எங்க வீட்டுல கூரா மிஞ்சியிருக்கிறது என் நாக்கு ஒண்ணுதான்."

"அதுக்கு இன்னும் உப்புத்தாள் வரல," என்றான் தம்பி.

"பார்த்தீங்களா."

தம்பி தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினான். நடுவில் முடியில்லாமல் ஒரு கோடு. "எல்லாம் உன் அண்ணி தள்ளிவிட்டதுல இடிச்ச மேஜை முனை. ஆறு வயசுல. அதுலேர்ந்து என் கையை விட்டுப் போற எந்தச் சாமானும் ஒரு தடவை உப்புத்தாள் பார்த்துட்டுத்தான் போகும்."

டீயை வாய் வரை கொண்டுபோன அக்கா நிறுத்தினாள்.

"எந்தச் சாமானும்?"

"எதுவா இருந்தாலும்."

டம்ளரைக் கீழே வைத்தாள். வெளியே போய்க் காரின் பின் இருக்கையிலிருந்து முதல் மர மாதிரியை எடுத்து வந்தாள். துணியைப் பிரித்தாள். பளபளவென்று இருந்தது. யார் பார்த்தாலும் முதலில் அதன் மெருகைத்தான் சொல்வார்கள். பின்விளிம்பில் விரலை வைத்து இழுத்தாள். இறக்கை முடிகிற இடம் அது. மேலே வரும் காற்றும் கீழே வரும் காற்றும் அங்கேதான் இறக்கையை விட்டுச் சேர்ந்து போக வேண்டும்; விளிம்பு தடித்தால் இழுவை ஏறும். விரலுக்கு இதமாக இருந்தது.

"அளக்கணும், வெர்னியர் குடு."

வரைபடத்தில் அந்த விளிம்பு அரை மில்லி. நடுவில் அளந்தாள். ஒன்று புள்ளி ஆறு. இரண்டு ஓரத்திலும் அளந்தாள். ஒன்று புள்ளி ஐந்து, ஒன்று புள்ளி ஏழு. அகலத்தை அளந்தாள். நான்கு மில்லி குறைந்திருந்தது; மெல்லிய நுனி போய், அதற்கு உள்ளே இருந்த தடித்த பகுதியே விளிம்பாகியிருந்தது.

"நாம சேர்ந்துதானே அளந்தோம்," என்றான் தம்பி. "அரை மில்லி இருந்துச்சே. நீயே எழுதிக்கிட்ட."

"அளந்துட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன். அப்புறம் நீ என்ன பண்ணின?"

அவன் யோசித்தான்.

"பேக் பண்ணினேன்."

"அதுக்கு முன்னாடி?"

தம்பியின் மனைவி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த உப்புத்தாளை எடுத்தான். அதைப் பார்த்தான். மறுபடி பையில் வைத்தான்.

"விளிம்பு பிளேடு மாதிரி இருந்துச்சு," என்றான். "யாராவது தூக்கும்போது கையை அறுத்துக்குவாங்கன்னு."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசமா நீ ராத்திரி தூங்கலைன்னு அம்மா சொன்னாங்க," என்றான் தம்பி.

"உன்னாலன்னு சொல்லலையே."

"இப்ப சொல்லு."

"மெருகுக்கு அப்புறம் ஒரு தடவை அளந்திருக்கணும். அளக்கல. அது என் வேலை." வெர்னியரை மூடினாள். "பத்து நாளைக்குள்ள இன்னொண்ணு செய்ய முடியுமா?"

"மரத்துலயா?"

"மரத்துலதான்."

அவன் மஹோகனித் துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பின்பக்க ஓரத்தில் நகத்தை வைத்தான்.

"விளிம்பு மட்டும் மரம் வேணாம்," என்றான். "அரை மில்லில மரம் நிக்காது. நின்னாலும் என் கை சும்மா இருக்காது. பின்னால ரம்பத்தால ஒரு கோடு போட்டு, அரை மில்லித் தகடு இறக்கி ஒட்டிடறேன்."

"பித்தளை?"

"பித்தளையும் தேயும். ஸ்டீல் வை. என்னை நம்பாத."

எட்டாம் நாள் இறக்கை முடிந்தது. அவள் அளந்தாள். மெருகு போட்டான். மறுபடி அளந்தாள். பேக் செய்யும்போது பக்கத்திலேயே நின்றாள். பெட்டியை மூடியதும் கையை நீட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்த உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தான். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அலுவலகத்துக்கான படிவத்தில், முதல் சோதனை தவறியதன் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அளவு பார்த்த பிறகு பின்விளிம்பு தேய்க்கப்பட்டது, தேய்த்த பின் நான் அளக்கவில்லை என்று எழுதினாள். யார் தேய்த்தது என்று மேலாளர் கேட்டார். கட்டத்தில் அதற்கு இடமில்லை என்றாள்.

சுரங்கத்தை ஓட்டுபவரைக் காற்றுக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பருத்த மனிதர். கட்டுப்பாட்டு அறையில் இரும்பு மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் போகுமளவே வழி இருந்தது. சோதனை நாளில் அக்காவும் தம்பியும் உள்ளே வந்தபோது எழுந்தவர் மேஜை முனையில் தொடையை இடித்துக்கொண்டார். தேய்த்துவிட்டுக்கொண்டே பெட்டியை வாங்கினார்.

கண்ணாடிக்குப் பின்னால் இறக்கையைத் தாங்கியில் மாட்டினார். திருகை இறுக்கும்போது கையை உதறினார். விரலை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எந்தப் புண்ணியவான் செஞ்சது? விளிம்பு கத்தி மாதிரி இருக்கு."

தம்பி இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டிருந்தான். "நான்தாங்க."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்," என்றான். முகம் சுருங்கியது. அவள் கைப்பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்துக் கொடுத்தாள். காற்றுக்காரர் ஒட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

விசிறி முனகியது. பிறகு இரைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை. திரையில் எண்கள் மட்டும் மாறின. காற்றுக்கு எதிரே இறக்கை சாயும் கோணம் பூஜ்யம். ஒன்று. இரண்டு. போன முறை நான்கு டிகிரியில்தான் இழுவை ஏறியது. அவள் நோட்டில் பழைய இறக்கையின் எண்ணை முன்பே எழுதி வைத்திருந்தாள். அதைப் பார்க்காமல் காற்றுக்காரரின் பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு," என்றார் அவர். எண்ணைச் சொன்னார்.

எழுதினாள். வகுத்தாள். இன்னொரு முறை வகுத்தாள்.

"என்ன?" என்றான் தம்பி.

"பழையதைவிட நாலு சதவீதம் குறைவு. ஆறு வரும்னு நினைச்சேன்."

"போதாதா?"

"போதும்."

மேலும் கோணங்கள் இருந்தன. மதியம் வரை ஓடியது. எண் திரும்ப ஏறவில்லை. விசிறி நின்றபோது அறை திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது. காற்றுக்காரர் இறக்கையைக் கழற்ற எழுந்தார். மேஜை முனையில் அதே தொடையை இடித்துக்கொண்டார்.

தம்பி அக்காவைப் பார்த்தான்.

அவள் கைப்பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த உப்புத்தாளை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மேஜையை மட்டும்," என்றாள்.