ஐந்து சதவீதம் கூட்டிய மென்மரம்

ஆறு வருடமாக ஒருத்தியைத் தற்காலிக ஊழியர் என்று வைத்திருந்தால் அதில் தற்காலிகம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! மர இறக்குமதிப் பிரிவில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவளுக்கு, ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் வந்தாலே சோறு இறங்காது. அப்படிப்பட்டவளின் மேசைக்கு இயக்குநரே வந்து நின்றார்.

“பைன் மாதிரி மென்மரம், பத்து வருஷத்துல நாம எவ்வளவு இறக்குமதி பண்ணோம், பக்கத்து நாடு எவ்வளவுன்னு ஒரே படமா போடுங்கம்மா. புதன்கிழமை அமைச்சர் பார்க்கணும். முடிச்சுக் குடுங்க, அன்னைக்கே உங்க நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்.”

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நமக்கு நீலம், அவர்களுக்குச் சிவப்பு என்று இரண்டு கோடுகள் வரைந்தாள். இரண்டும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறின. ஒரு வருடம் நாம் முன்னால், மறுவருடம் அவர்கள். அத்தோடு விட்டிருக்கலாம். போதாத காலம், கால்குலேட்டரைத் தட்டினாள். அவர்களுடைய ஒவ்வொரு எண்ணும், நம்முடைய முந்தைய வருடத்து எண்ணோடு சரியாக ஐந்து சதவீதம் கூட்டியதாக இருந்தது.

பக்கத்து நாட்டில் இதே வேலை பார்ப்பவருக்குப் போன் போட்டாள். வருடா வருடம் பேசிப் பழகிய மனிதர்தான்.

“உங்ககிட்ட மறைக்க என்னக்கா? எங்களுக்குத் துறைமுகத்துல இருந்து விவரமே வராது. உங்க போன வருஷத்து எண்ணை எடுத்து அஞ்சு பர்சென்ட் கூட்டிப் போட்டுடுவோம். நீங்க ஒழுங்கா எண்ணியிருப்பீங்கன்னு ஒரு நம்பிக்கை.”

“அடப்பாவி! நாங்க உங்களைப் பார்த்துல்ல அப்படிப் போடறோம்!”

ஆமாம், ஆறு வருடமாக அவளும் அதைத்தான் செய்துவந்தாள். முன்பு இருந்தவர் எழுதிவைத்துப்போன முறை அது.

அடுத்து நம் துறைமுகத்துக்கே போன் செய்தாள். எடுத்தவர் சிரித்தார். “பைன் கட்டையா? மரக்கிடங்கை இடிச்சு லாரி நிறுத்தற இடமாக்கிப் பன்னிரண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் இங்க ஒரு கட்டைகூட இறங்கலை.”

வேறு வழியாகவும் மரம் வருவதில்லை. பழைய கோடுகளை நீட்டினால் வேலை நிரந்தரம். உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆனாலும் தெரிந்தே பொய் எண்ணை எழுதக் கை வரவில்லை. நீலக்கோட்டை அடிமட்டத்துக்கு இழுத்து, பத்து வருடமும் பூஜ்யம் என்று போட்டு இயக்குநரிடம் நீட்டினாள்.

அவர் நீலக்கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“வெளியில இருந்து ஒரு கட்டைகூட வாங்கலையா? இது எவ்வளவு பெரிய சாதனை! இத்தனை நாளா இதை ஏம்மா சொல்லலை?”

புதன்கிழமை அமைச்சர் மரத்தில் தன்னிறைவை அறிவித்தார். இயக்குநருக்குப் பதவி உயர்வு. பேச்சு மாறாமல் அன்றே அக்காவின் ஆர்டரிலும் கையெழுத்துப் போட்டார். அவள் ஆபீஸ் முழுக்க இனிப்பு கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை இன்னொரு ஆர்டர் வந்தது. இறக்குமதியே இல்லாத நாட்டுக்கு இறக்குமதிப் பிரிவு எதற்கு? மூடிவிட்டார்கள். ஆறு வருடம் ஓடிய தற்காலிக வேலை, நிரந்தரமான பிறகு இரண்டு நாள்தான் ஓடியது. மறுநாள் அவள் மேசை இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது.

“அக்கா, உங்க பிரிவை மூடிட்டாங்களாமே? எங்க இயக்குநரும் பேப்பர்ல பார்த்துட்டார்.”

“ஐயோ, உங்க பிரிவையும் மூடிட்டாங்களா?”

“மூடிட்டாங்கக்கா. வழக்கம்போல உங்களைவிடக் கொஞ்சம் கூட்டித்தான். வாட்ச்மேனையும் சேர்த்து அனுப்பிட்டாங்க.”