நெஞ்சைத் தட்டிய கை

ஆர்லிஸ் புரூயிட்டின் கனவில் பந்து ஒருபோதும் தரைக்கு வந்ததில்லை. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின், இரு முனையும் கூரான அந்தப் பழுப்புப் பந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வானத்தில் போய்க்கொண்டே இருக்கும். அவர் அதன் கீழே ஓடுவார். ஓட ஓடப் புல்வெளி மாறும். ஒஹையோ ஆற்றங்கரையில் அவர் படித்த பள்ளியின் மைதானம் வரும், பிறகு கல்லூரி மைதானம், பிறகு அவரை வேண்டாமென்று அனுப்பிய அணிகளின் மைதானங்கள், கடைசியில் அவரை வைத்துக்கொண்ட அணியின் மைதானம். முழங்கால் உடைந்த இடம் வரும்போது கனவில் அவர் வலியில்லாமல் அதைத் தாண்டிப் போவார்.

விழித்ததும் கைகளைப் பார்த்துக்கொள்வார். பலமுறை உடைந்து சேர்ந்த வலது சுண்டுவிரல் மற்ற விரல்களோடு ஒட்டாமல் விலகி நிற்கும். படுக்கையோரம் மண்டியிட்டு, "இன்னைக்கு ஒருத்தருக்காவது நான் உபயோகமா இருக்கணும், ஆண்டவரே" என்பார். அவருடைய ஜெபம் அவ்வளவுதான். பந்து பிடிக்கப் பிறந்தவர் பிடிக்க முடியாமல் போன பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுத்து, இப்போது ஈரி ஏரிக்கரை நகரத்து அணியில், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களின் பயிற்சியாளராக வந்து சேர்ந்திருந்தார். பையன்கள் நேரில் 'கோச்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'மாமா' என்பார்கள். இரண்டும் அவருக்குப் பிடிக்கும்.

அன்று காலை ஏரியிலிருந்து வந்த மூடுபனி பயிற்சி மைதானத்தை விழுங்கியிருந்தது. கோல் கம்பங்களின் நுனி மட்டும் தெரிந்தது. பருவம் தொடங்குவதற்கு முந்தைய கடைசி ஆட்டம் முந்தின நாள் முடிந்திருந்தது. யார் அணியில் இருப்பார், யார் வீட்டுக்குப் போவார் என்பது இன்று மதியத்துக்குள் முடிவாகும். ரிசீவர்களில் இன்னும் ஒருவனுக்குத்தான் இடம். அந்த இடத்துக்கு ஆர்லிஸ் மனத்தில் வைத்திருந்தது ஜெரிக் டால்பர்ட் என்ற பையனை. எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல், தானே வந்து கதவைத் தட்டியவன் அவன்.

இருட்டறையில் தலைமைப் பயிற்சியாளர் கில் மாஸ்டர்சன் ஆட்டத்தின் படத்தை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். ஒலி கிடையாது. பெரிய பெரிய மனிதர்கள் சத்தமில்லாமல் விழுந்தார்கள், பின்னோக்கி எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். தண்ணீருக்கடியில் நடக்கும் ஆட்டம்போல இருந்தது.

"இதோ, இங்க பாரு" என்றார் மாஸ்டர்சன்.

திரையில் டால்பர்ட் நேராக ஓடி, சட்டென்று வெளிப்பக்கம் திரும்பினான். பந்து உட்பக்கம் போனது. அங்கே எதிரணிக்காரன் ஒருவனைத் தவிர யாருமில்லை. அவன் பரிசு வாங்குவதுபோலப் பந்தை வாங்கிக்கொண்டு எல்லைக்கோடு வரை ஓடிவிட்டான். கூட்டம் எழுந்து சத்தமில்லாமல் கத்தியது. டால்பர்ட், பந்து எறிந்த குவார்ட்டர்பேக் நோலன் ஸ்ட்ராஸ்கியைப் பார்த்துத் தன் நெஞ்சை இரண்டு முறை தட்டினான்.

அந்த விளையாட்டில் நெஞ்சைத் தட்டினால் ஒரே அர்த்தம்தான். தப்பு என்னுடையது.

"அவனே ஒத்துக்கிட்டான். இந்த நேரத்துல தப்பான பக்கம் திரும்புறவனை நான் எங்க வெச்சுக்கிறது? அவனை அனுப்பிடலாம் ஆர்லிஸ்."

ஆர்லிஸ் பையனின் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஓட்டம் முன்பே முடிவு செய்து ஓடுவதல்ல. எதிரணியின் கடைசிக் காவல்காரன் நடுவில் நின்றால் வெளியே திரும்ப வேண்டும், அவன் வெளியே நகர்ந்தால் உள்ளே திரும்ப வேண்டும். ஓடுகிறவனும் எறிகிறவனும் பேசிக்கொள்ள நேரமிருக்காது. இருவரும் ஒரே நொடியில் ஒரே கனவைக் காண வேண்டும். திரையில் காவல்காரன் நடுவில்தான் நின்றான்.

"பத்து நிமிஷம் குடுங்க, கில். வந்துடறேன்."

டால்பர்ட் உடைமாற்றும் அறையில், தன் அலமாரிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். காலணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, இப்பவே மூட்டை கட்டுறே?"

"கடைசி நேரத்துல அவசரப்பட வேணாம்னுதான் கோச்."

"நேத்து மூணாவது கால்பகுதில, அந்தப் பந்து. யார் தப்பு?"

"என் தப்பு."

"காவல்காரன் எங்க நின்னான்?"

பையன் காலணிக் கயிற்றை விரலில் சுற்றினான். "ஞாபகம் இல்ல கோச்."

"போன வாரம் பாத்த படத்துல எவன் எந்தக் கால்ல பட்டை கட்டியிருந்தான்னு சொன்னவன் நீ. உனக்கா ஞாபகம் இல்ல?"

டால்பர்ட் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "நோலன் மூஞ்சியப் பாத்தீங்களா கோச்? மொத்த ஊரும் அவனைத் திட்டுது. அவன் கை நடுங்குச்சு. விட்டா அடுத்த பந்தைத் தொட்டிருக்கவே மாட்டான். நான் தட்டினேன். திட்டு என் பக்கம் திரும்பிடுச்சு. எனக்கு அது பழக்கம்தான். எங்க அக்காங்க மூணு பேர்."

"அந்தத் தட்டுக்கு என்ன விலைன்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா கை நெஞ்சுக்குப் போயிடுச்சு கோச். திருப்பி எடுத்தா அது தட்டினதா ஆகாது. நீங்களும் சொல்லக்கூடாது. ஆடினவர்தானே நீங்க, உங்களுக்குத் தெரியும்."

தெரியும். யாருக்காகத் தட்டினோம் என்று எந்த ஆட்டக்காரனும் வெளியே சொல்வதில்லை. ஆர்லிஸ் நடைவழியில் சற்று நேரம் நின்றார். உண்மையைச் சொன்னால் பையனின் அன்பை உடைத்ததாகும். சொல்லாவிட்டால் அந்த அன்பே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும். எதைச் செய்வதென்று தெரியாமல் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் பந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனது. அதற்கு அவசரமே இல்லை.

திரும்பி இருட்டறைக்குப் போய், "கில், அதுக்கு அப்புறம் ஓடினதைப் போடுங்க" என்றார்.

"அப்புறம் நோலன் நல்லா ஆடினான். வரிசையா எறிஞ்சு எல்லைக்கோடு வரைக்கும் கொண்டுபோனான். அதுக்கென்ன?"

"அவ்வளவு பெரிய அடி பட்டவன் எப்படி எழுந்தான்னு பாருங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மாஸ்டர்சன் படத்தைப் பின்னோக்கி ஓடவிட்டார். டால்பர்ட்டின் கை நெஞ்சிலிருந்து கீழே இறங்கியது, பந்து எதிரணிக்காரனிடமிருந்து கிளம்பி நோலனின் கைக்குத் திரும்பிப் போனது. இந்த முறை அவரும் காவல்காரனைத்தான் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"கால் சரியாத்தான் போயிருக்கு" என்றார் மெதுவாக. "கைதான் பொய் சொல்லியிருக்கு."

ஆர்லிஸ் தரையைப் பார்த்தார்.

அப்போது கதவு திறந்து வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. நோலன் நின்றான். பெரிய சம்பளத்துக்கு வந்த பையன், அவன் இடத்தை யாரும் தொட முடியாது. இருந்தும் பள்ளிக்குப் பிந்தி வந்தவனைப்போல நின்றான்.

"கோச், அந்தப் பந்து என் தப்பு. நான்தான் தப்பாப் பாத்து எறிஞ்சேன்."

"நேத்தே ஏன் சொல்லலை?" என்றார் மாஸ்டர்சன்.

"அவன் தட்டினதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அது இருந்த வரைக்கும் வாயே திறக்க வரலை. இன்னைக்குக் காலையில அவன் அலமாரியைக் காலி பண்றதைப் பாத்தேன்."

"உன்னை யார் அனுப்பினா? புரூயிட்டா?"

"மாமா எங்கிட்ட பேசவே இல்ல" என்றவன், வாய் தவறியதை உணர்ந்து, "கோச் புரூயிட்" என்று திருத்தினான்.

மாஸ்டர்சன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அவர் இளகிய மனிதர் அல்ல. "ஆர்லிஸ், நல்ல மனசுக்குன்னு தனியா ஒரு இடம் எங்கிட்ட கிடையாது. ஆனா இவன் கை நடுங்காம இருக்கணும். அதுக்கு அந்தப் பயல் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு தோணுது. ஓடவும் தெரியுது. இருக்கட்டும் விடு. அவன்கிட்ட போய்ச் சொல்லு. நோலன், நீ உக்காரு. காவல்காரன் எங்க நிக்கிறான்னு காட்டறேன்."

டால்பர்ட் வெளிப்படிக்கட்டில், பையைக் கால்களுக்கு நடுவில் வைத்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். நோலன் வந்து சொன்னதையும் சொன்னார்.

"பாவம், அவனுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்" என்றான் பையன். பிறகு, "கோச், ஒண்ணு கேக்கலாமா? நேத்து மத்தியானத்துலேர்ந்து நான் எதுவும் சாப்பிடலை."

சாப்பாட்டுக்கூடம் மூடியிருந்தது. சமையற்காரம்மா ஓடெல்லா நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள். பையனின் முகத்தைப் பார்த்தாள், அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். "போறியா?"

"இல்லம்மா. இருக்கேன்."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்து, முட்டைகளை உடைத்தாள். ஆர்லிஸ் ஒரு மேசையிலிருந்து இரண்டு நாற்காலிகளை இறக்கிப் போட்டார். வெண்ணெய் உருகும் வாசனை வந்தது. பையன் தட்டுக்கு முன்னால் கண்களை மூடி, உதடு அசைய, முட்டை ஆறும் வரை நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் அவனை அவசரப்படுத்தவில்லை.