மயிலை நின்ற இடம்

எங்கள் மயிலைக் காளைக்குக் கள் பழக்கிவிட்டவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரும் மாட்டைத்தான் திட்டுகிறார்கள்.

நீலகிரி பைகாராவிலிருந்து கரண்ட் வந்த புதிது. கோயமுத்தூரில் மில் மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்தது. அவிநாசியிலிருந்து பருத்திப் பொதி ஏற்றிப்போகிற ஒற்றைமாட்டு வண்டி என்னுடையது. வழியில், பனந்தோப்பை ஒட்டி ஒரு கள்ளுக்கடை. நான் ஒரு மொந்தை குடிப்பேன். பானை அடியில் தங்கிய புளித்த மண்டியை மயிலைக்கு ஊற்றச் சொல்வேன். பத்தே நாளில் கயிற்றை இழுக்காமலேயே கடை வாசலில் போய் நின்றது. அதற்கப்புறம் தோப்பு கண்ணில் பட்டாலே நடையை எட்டிப்போடும். மாடா இது, மந்திரி என்று கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்.

என் மனைவி சென்னியம்மாள் உண்டானதும் என்னை அவிநாசிக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இந்தக் கையால் இனிக் கள் வாங்குவதில்லை என்று சத்தியம் செய்தேன். காப்பாற்றவும் செய்தேன். வாசனை பட்டால் மனசு கெட்டுவிடுமென்று அந்த ரோட்டையே விட்டுவிட்டு, குளத்துக்கரை வழியாக ஆறு மாதம் சுற்றிக்கொண்டு போனேன். நான் மறந்தேன், மாடும் மறந்திருக்கும் என்று நினைத்தேன். கடை வாசலில் நின்று ஏமாந்து பார்த்தால்தானே அது மறக்கும்? அது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆடி மாதம், உச்சி வெயில். சென்னியம்மாளுக்கு வலி கண்டு ஒரு நாள் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றாள் மருத்துவச்சி. வைக்கோல் பரப்பி வண்டியில் படுக்கவைத்தோம். என் மாமியார் பூவாத்தாள் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சுற்றுவழி முழுக்கக் குண்டும் குழியும். நேர் ரோட்டிலேயே ஓட்டினேன்.

தோப்பு தெரிந்ததும் மயிலை எட்டிப்போட்டது. கடை வாசலில் நின்றது. சாட்டையால் அடித்தேன், வாலை முறுக்கினேன், மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்ததில் மூக்கில் ரத்தம் வந்தது. காலை ஊன்றிக்கொண்டு கடையையே பார்த்தது. ரோட்டில் வேறு வண்டி ஒன்றும் இல்லை. ஒரு மொந்தை மண்டி ஊற்றினால் நகர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாங்கினால் சத்தியம் தப்பும். அது அவள் தலையில்தானே விடியும்? அவள் பிழைக்க வேண்டும் என்றுதான் வாங்காமல் நின்றேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். சென்னியம்மாள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க மாமா. சத்தியம் பண்ணுனது நீங்கதானுங்க, மயிலை பண்ணலீங்களே. போயி வாங்கி ஊத்துங்க."

சிரிக்கக்கூடப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

வாங்கி ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு மயிலை ஓடியது. அது அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி நர்ஸம்மா நாடியைப் பார்த்துவிட்டு, ஒரு அரை மணி முந்தி வந்திருக்கக் கூடாதா என்றாள். தாயும் போனாள், பிள்ளையும் போனது.

மாட்டை வெட்டுக்குக் கொடுத்துத் தொலைக்கச் சொன்னாள் பூவாத்தாள். அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு.

"அதுக்கென்னங்க அத்தை தெரியும்? நான் பழக்குனதைத்தானுங்க அது செஞ்சுது" என்றேன்.

காரியம் முடிந்த மறுநாள் வண்டியைப் பூட்டி அந்த ரோட்டிலேயே போனேன். மயிலை கடை வாசலில் நின்றது. நான் அடிக்கவில்லை, ஊற்றவும் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டுத் தானாக நகர்ந்தது. தினமும் போனேன். நிற்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. நடுவில் ஒரு நாள் காற்றில் மண்டி வாசம் வந்ததும் பழையபடி வெகுநேரம் நின்றது. இருபத்துமூன்றாம் நாள் தலையைக்கூடத் திருப்பாமல் கடையைக் கடந்து போனது.

இருபத்துமூன்றே நாள். ஆறு மாதம் சுற்றிப்போனதற்குப் பதிலாக, இந்த இருபத்துமூன்று நாள் அங்கே உட்கார்ந்திருந்தால் என் சென்னியம்மாள் இருந்திருப்பாள்.

கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினேன். மயிலை திரும்பி என்னைப் பார்த்தது. அவள் கடைசியாகப் பேசிய இடம் அது. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் மாடு நிற்பதில்லை. நான்தான் நிறுத்துகிறேன்.