கதவு மாட்டுகிற இடம்

செந்தமிழன் கதவைச் சாத்தினான். சற்றுத் தள்ளி நின்றிருந்த மரியஜோசப் அந்தச் சத்தத்தில் குறை தேடினார். கிடைக்கவில்லை.

ஒரகடத்தில் லாரி செய்யும் தொழிற்சாலை அது. டிரைவர் உட்காரும் கேபின்கள் தனி லைனில் மெல்ல நகர்ந்து வரும். கதவு மாட்டுகிற இடத்துக்கு வரும்போது உள்ளே சீட் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும், கதவு இருக்காது. மேலே கொக்கியில் தொங்கி வரும் கதவை இறக்கி, கீலில் பொருத்தி, போல்ட் முடுக்கி, சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துச் சாத்த வேண்டும். அதற்குள் அடுத்த கேபின் வந்துவிடும்.

பதினாறு வருடம் அங்கே நின்றவர் ஜோசப். ஜனவரியில் அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பதவியை உறுதி செய்வார்கள். நீலச் சட்டையை வாங்கிக்கொண்டு சாம்பல் நிறச் சட்டை கொடுத்தார்கள். அவர் இடத்துக்கு செந்தமிழன் வந்தான். முதல் வாரம் தடுமாறினான். இரண்டாவது மாதம் ஜோசப் அளவுக்குச் செய்தான். இப்போது ஜோசப்பைவிட நன்றாகச் செய்கிறான்.

அதுதான் பொறுக்கவில்லை. மோசமாகச் செய்திருந்தால் அருகில் போய்ச் சொல்லிக் கொடுக்கலாம். கதவைத் தொடலாம்.

டீ இடைவேளையில் எல்லோரும் செந்தமிழன் இடத்தில் கூடினார்கள். முன்பு ஜோசப்பிடம் கூடினார்கள். அங்கே பெரிய மின்விசிறி ஒன்று இருக்கிறது. தன்னைத் தேடி வருகிறார்கள் என்று பதினாறு வருடம் நினைத்திருந்தார்.

அவர் பக்கத்தில் போனால் பேச்சு நின்றது.

"சார் வந்துட்டாரு. ஃபோன உள்ள வை," என்றாள் சீட் மாட்டும் ஃபாத்திமா.

ஜோசப் செந்தமிழனின் காலைப் பார்த்தார். "ஷூ லேஸ் அவுந்து கீது பாரு."

"அவுரலயே சார்."

"லூசா கீது."

அவன் குனிந்து கட்டினான். மறுநாள் தொப்பி. அதற்கு மறுநாள் கையுறை. ஒரு நாள் அளவுகோலை எடுத்துப்போய் அவன் மாட்டிய கதவுகளை ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் சரியாக இருந்தன. அளந்து முடித்தபோது வாயில் கசப்பு இருந்தது.

"இன்னா சார்," என்றாள் ஃபாத்திமா. "மாமியாரு மருமகளப் பாக்கற மாதிரியே பாக்கறீங்க அவன."

எல்லோரும் சிரித்தார்கள். செந்தமிழன் சிரிக்கவில்லை.

தனக்கு வந்திருப்பது என்ன என்று ஜோசப்புக்குத் தெரியும். ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்தவர். போசனப்பிரியத்துக்கு அடுத்து காய்மகாரம். பக்கத்தில் போசனம் இருந்ததால், காயும் காரமும் சேர்ந்த ஏதோ தின்பண்டம் அது, அதைத் தின்றால் பாவம் என்று சிறு வயதில் நினைத்திருந்தார். பொறாமைக்குத்தான் அந்தப் பெயர் என்று பிறகு தெரிந்தது. வேலையில் தன்னைவிடக் கீழே இருப்பவன் மீதும் அது வரும் என்று வகுப்பில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜோசப் ஆட்கள் பட்டியல் இருக்கும் டேப்லெட்டைத் திறந்து, அடுத்த திங்கள் முதல் செந்தமிழனை லாரியின் அடிச்சட்டம் செய்யும் சேசிஸ் லைனுக்கு மாற்றினார். ஆட்கள் எல்லா வேலையும் கற்க வேண்டும் என்பது கம்பெனி விதி. காரணம் கேட்க மாட்டார்கள். மாற்றி முடித்ததும் நன்றாகப் பசித்தது. கேண்டீனில் இரண்டு முறை சாம்பார் வாங்கினார்.

புதன்கிழமை எச்.ஆர். பிரவீனா கூப்பிட்டாள். பதவி உறுதியாவதற்கு முன் எல்லோரிடமும் பேசுவாள்.

"இன்னும் அஞ்சு வருசத்துல உங்கள எங்க பாக்கறீங்க சார்?"

ஜோசப் யோசித்தார். "கதவுகிட்ட மேடம்."

அவள் சிரித்தாள். "கதவத் தாண்டி மேல வரணும் சார்."

அவரும் சிரித்து வைத்தார்.

வியாழக்கிழமை அது நடந்தது. லைனை விட்டு யாரும் நினைத்தபோது போக முடியாது. தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். இழுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். ரிலீவர் வந்து, போனவர் திரும்பும்வரை அந்த இடத்தில் நிற்பான். செந்தமிழன் கயிற்றை இழுத்தபோது ரிலீவர் தசரதன் கண்ணாடி மாட்டும் இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அங்கே ஓர் ஆள் லீவு.

"நீ போ," என்றார் ஜோசப். "நான் பாத்துக்கறேன்."

செந்தமிழன் தயங்கினான். போனான்.

முதல் கதவில் கை கீலைத் தேடியது. இரண்டாவதில் தேடவில்லை. மூன்றாவது கதவை இறக்கும்போது தோளில் அந்தப் பழைய எடை வந்து உட்கார்ந்தது. டேப்லெட்டை எங்கே வைத்தோம் என்பது மறந்துவிட்டது.

"சார், வந்துட்டேன்."

"இரு. இத முடிச்சிடறேன்."

முடித்தார். அடுத்த கேபின் வந்தது. அதனிடம் போனார்.

"சார்."

"இருடா."

"செந்தமிழா," என்று ஃபாத்திமா கத்தினாள், "உன் வேல போச்சு. வேற கம்பெனி பாரு."

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. இரண்டு கையும் கதவில் இருந்தன. நின்றது. மறுபடி அதிர்ந்தது. செந்தமிழன் கைகளைத் தொங்கப்போட்டு நின்றான். அவன் நிற்பதைப் பார்க்க ஜோசப்புக்கு சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கத் தோன்றவில்லை.

பிறகு லைன் நின்றது.

முன்பக்கத்தில் வேறு மாடல் கண்ணாடிகள் வந்து இறங்கியிருந்தன. என்ன செய்வது என்று கேட்க சூப்பர்வைசரைத் தேடியிருக்கிறார்கள். கிடைக்காமல் நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் நெல்லையப்பன் அந்தப் பக்கமிருந்து நடந்து வந்தார். திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்த மாட்டார்.

"ஃபோன் எங்கவே?"

"பையிலதான் சார்."

"கை எங்க இருக்கு?"

ஜோசப் தன் கையைப் பார்த்தார். கதவின் மேல் இருந்தது.

"லைன் நிக்கி. ஆளக் காணோம்னு தேடுதாவ. நீரு கதவு மாட்டிக்கிட்டு நிக்கீரு." நெல்லையப்பன் செந்தமிழனைப் பார்த்தார், மறுபடி ஜோசப்பைப் பார்த்தார். "நாளைக்கு உம்ம பேர மேல அனுப்பணும். நீரு யாருன்னு யோசிச்சிட்டு வாரும். எனக்கு சூப்பர்வைசர் ஒருத்தன் வேணும். கதவுக்கு ஆளு இருக்கு."

மாலை கம்பெனி பஸ்ஸில் செந்தமிழன் பின்னாலிருந்து எழுந்து வந்தான். சூப்பர்வைசர்கள் முன்னால் உட்காருவார்கள். ஜோசப் பக்கத்தில் இடம் காலி. அவன் உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளு."

"திங்கக்கெழம என்னிய சேசிஸ் லைனுக்குத் தூக்கிட்டீங்கன்னு தசரதன் சொல்றான். நெஜமா?"

"ஆமா."

"என் வேலைல இன்னா கொற?"

"கொற இல்ல."

"அப்புறம் என் மேல இன்னா கோவம்?"

பஸ் வல்லக்கோட்டை திருப்பத்தில் நின்று கிளம்பியது.

"கோவம் இல்லடா. காய்மகாரம்."

"இன்னா காரம்?"

"பொறாம."

செந்தமிழன் அவர் சட்டையைப் பார்த்தான். "நீங்க சூப்பர்வைசர் சார்."

"ஆமா."

"நான் ஆப்பரேட்டர்."

"ஆமா."

"தலைகீழா கீதே." சீட்டில் திரும்பி உட்கார்ந்தான். "அந்த எடம் வேணுமா உங்களுக்கு?"

"ம்."

"தர மாட்டேன் சார். ஏழு வருசம் டயர் உருட்டிட்டு அங்க வந்தேன். நீங்க வுட்டுட்டுப் போனீங்க, நான் வந்தேன். இப்ப நீங்க திரும்பி வந்தா நான் எங்க போறது?"

"தெரியும்."

"தெரிஞ்சிதான் தூக்குனீங்களா?"

சிங்கப்பெருமாள் கோவில் கேட் அருகே செந்தமிழன் இறங்கிப் போனான். வழக்கமாகப் போய் வருகிறேன் என்று சொல்பவன். சொல்லவில்லை.

வீட்டில் அருள்மேரி சாம்பல் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஃபோன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அந்த வாரம் அவளுக்கும் காலை ஷிஃப்ட்.

"நாளைக்கு வேணான்னு சொல்லப் போறேன்," என்றார்.

"எத?"

"சூப்பர்வைசர் வேலைய."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எவனாவது எதனா சொன்னானா?"

"இல்ல."

"அப்ப அங்க இன்னா கீது, திரும்பிப் போறதுக்கு?"

"கதவு."

"கதவு." அவள் தலையாட்டினாள். "நம்ம வூட்டு பாத்ரூம் கதவு ரெண்டு வருசமா சாத்த மாட்டேங்குது. அது உங்க கண்ணுல படல. கம்பெனிக் கதவு மேல ஆச."

"கதவுலயும் எடம் இல்ல. ஆள் கீது. ரிலீவரா கேக்கப் போறேன்."

"அது பெருசா, சின்னதா?"

"சின்னது."

"எங்கண்ணன் டெனிசன் கோயில்ல ஒவ்வொருத்தரையா நிறுத்தி மச்சான் சூப்பர்வைசர்னு சொல்லிட்டு வந்திருக்கான். அவங்கிட்ட இன்னான்னு சொல்றது?"

"உண்மையச் சொல்லு."

அவள் சட்டையைப் பார்த்தாள். ஒரு கை தேய்த்திருந்தது, மறு கை தேய்க்கவில்லை. ஸ்விட்சை அணைத்தாள்.

"பதினோரு வருசமா குட்டி குட்டி ஸ்க்ரூவா போட்டுனு கீறேன். ஒரு நாளும் ஆசப்பட்டுப் போனதில்ல. பஸ் வரக்கூடாதுன்னுதான் தெனம் நிப்பேன். நீங்க இன்னாடான்னா கதவுக்கு ஏங்கறீங்க." சட்டையை அவர் மடியில் போட்டாள். "எனக்கு வவுறு எரியுது."

அவள் அடுக்களைக்குப் போனாள். ஒத்துக்கொண்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் வேலையாக செந்தமிழனின் மாற்றலை ரத்து செய்தார். பிறகு நெல்லையப்பனிடம் போனார்.

"யோசிச்சீரா?"

"வேணாம் சார்."

"ஏன்?"

பதில் கேட்டதும் வந்தது. "அங்க நின்னா அடுத்த கேபின் எப்ப வரும்னு பாப்பேன் சார். இந்த வேலைல மணி எப்ப அடிக்கும்னு பாக்கறேன்."

"கதவுக்கு உம்மப் போட முடியாதுவே. அந்தப் பய நல்லாச் செய்தான்."

"என்னவிட நல்லா செய்றான்."

அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டார்.

"பெறவு எங்க போவீரு?"

"ரிலீவர். தசரதன கண்ணாடிக்கு நிரந்தரமாப் போடலாம். ரொம்ப நாளா கேக்கறான்."

"கிரேடு எறங்கிரும். இன்னொருக்க கேட்டா தர மாட்டாவ."

"சரி சார்."

நெல்லையப்பன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுல கேட்டாச்சா?"

"சொல்லியாச்சு."

"சொல்லுதது வேற, கேக்குதது வேறவே," என்று சொல்லி ஃபோனை எடுத்தார். போகலாம் என்று அர்த்தம்.

நீலச் சட்டை பத்து நாள் கழித்து வந்தது. புது சூப்பர்வைசர் பக்கத்து லைனிலிருந்து வந்த மணிகண்டபிரபு. அவன் ஜோசப்பிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் தேங்க்ஸ் சொன்னான்.

ரிலீவர் வேலையில் ஓய்வு இல்லை. சீட், ஒயர், கண்ணாடி, மிதியடி என்று லைன் முழுக்க நடந்தார். ஒயர் இடத்தில் விரல் நுழையவில்லை. சீட் இடத்தில் போல்ட்டைக் கீழே போட்டார். அதை எடுத்துக் கொடுத்த ஃபாத்திமா, "பொறுமையா போடுண்ணா, உன் கதவு எங்கயும் ஓடாது," என்றாள்.

கதவு இடத்தில் மட்டும் விளக்கு எரியவில்லை. முதல் நாள் செந்தமிழன் கயிற்றை இழுக்கவே இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. டீ வந்தால் வேண்டாம் என்றான். தண்ணீர் பாட்டிலை மூடி வைத்தான். மணி அடித்ததும் கழிவறைக்கு ஓடினான்.

"பாவம்ணா அவன்," என்றாள் ஃபாத்திமா. "காலைலேருந்து அடக்கினு நிக்கறான். நீ எங்கனா மறைவா நின்னா இழுப்பான்."

"நான் இன்னா பண்ணேன்?"

"நீதான் எடத்த வுட மாட்டியே."

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஜோசப் நடந்துதான் போனார். ஓடக்கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"அஞ்சே நிமிசம்ணா," என்றான் செந்தமிழன்.

"ம்."

"கொக்கி லேசா எடதுபக்கம் இழுக்குது. பாத்து எறக்கு."

"ம்."

அவன் போகவில்லை. ஜோசப் கதவை இறக்கினார். கொக்கி இடதுபக்கம் இழுத்தது. கீலில் பொருத்தினார். செந்தமிழன் பின்னால் நின்று கால் மாற்றி நின்றான்.

"போடா."

"போறேன்."

"இப்ப போகலன்னா இங்கயே ஆயிடும்."

செந்தமிழன் ஓடினான். ஒரு கதவு முடிந்தது. அடுத்தது பாதியில் இருந்தபோது ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்துவிட்டான். மூச்சு வாங்கியது. அவன் எதுவும் கேட்கவில்லை. ஜோசப்பின் கையில் இன்னும் இரண்டு போல்ட் இருந்தன. பாதிக் கதவை யாரும் கைமாற்றுவதில்லை. முடித்துவிட்டுக் கொடுப்பதுதான் வழக்கம்.

ஜோசப் போல்ட் இரண்டையும் அவனிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தார். வயிறு எரிந்தது.

"நாளைக்கும் கயித்த இழுப்பியா?"

செந்தமிழன் முதல் போல்ட்டைக் கையால் திருகினான். "பாக்கலாம்ணா," என்றான், கதவைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.