எஜமானியின் சாட்சி

வின்னி கைவண்டியைக் கவிழ்த்தாள். கேப்டன் வீட்டு விரிப்புகள், சட்டைகள், கஞ்சி போட்டுத் தேய்த்த காலர்கள் எல்லாம் தெருச் சேற்றில் விழுந்தன.

"பைத்தியம் பிடிச்சிருச்சாடி உனக்கு?" பக்கத்து வீட்டு பெக் ஓடி வந்தாள்.

வின்னி வாசலில் இருமிக்கொண்டு கிடந்த டார்பியைக் காட்டினாள். "இவரு காலப் பிடி. வண்டியில ஏத்தணும். பன்னெண்டு மணிக்கு ஆபீச மூடிருவானுங்க."

பெக்குக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவில், அந்த ஹோபார்ட் டவுனில் பாதிப் பேர் கப்பலில் வந்து இறங்கிய கைதிகள், மீதிப் பேர் அவர்களைக் காவல் காக்க வந்தவர்கள். நாள் கணக்கு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அயர்லாந்தில் ஒரு பன்றியைத் திருடியதற்காக டார்பி ஹாலரனுக்கு விதித்த ஏழு வருஷம் இன்றோடு முடிந்தது. வைத்தியரோ, நுரையீரல் போய்விட்டது, சாயங்காலத்தைத் தாண்டாது என்று கையை விரித்துவிட்டார். நாளை ஞாயிறு. விடுதலைப் பத்திரம் இன்றைக்குக் கைக்கு வராவிட்டால் டார்பி கைதியாகவே சாவான். கைதியை அரசாங்கக் குழியில் போடுவார்கள். கல் கிடையாது, பேர் கிடையாது. ஆள் நேரில் வந்தால்தான் பத்திரம் என்பது சட்டம்.

"நான் என்ன அழுக்குத் துணியா, எஜமானியம்மா?" என்றான் டார்பி, வண்டிக்குள் மடங்கிக் கிடந்தபடி.

"வாய மூடிட்டு மூச்ச விடுய்யா."

எஜமானி என்று அவன் கூப்பிட்டது வெறும் கேலி இல்லை. வின்னி மூன்று வருஷத்துக்கு முன் சொந்தக் காசில் கப்பலேறி வந்து சலவைக்கடை வைத்தாள். வேலைக்கு ஒரு கைதி வேண்டும், அதுவும் இந்தக் கைதிதான் வேண்டும் என்று மனுப் போட்டாள். துரைமார் அவளுடைய புருஷனை அவளுக்கே வேலையாளாக எழுதிக் கொடுத்தார்கள். கஞ்சியில் உப்பில்லை என்று அவன் முனகினால், "மாஜிஸ்திரேட்டுகிட்ட சொல்லி அம்பது கசையடி வாங்கித் தரட்டா?" என்பாள். தெருவே சிரிக்கும்.

இரண்டு பெண்களும் மேட்டில் வண்டியைத் தள்ளினார்கள். "வழிய விடுங்கடா! ஒருத்தன் விடுதலையாகப் போறான்!" என்று பெக் போட்ட கூச்சலில் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். ரொட்டிக்காரன் மாவுக் கையோடு வந்து ஒரு பக்கம் பிடித்தான், இரண்டு மாலுமிகள் மறுபக்கம். சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் டார்பி இருமினான், இருமிவிட்டு, "இன்னும் வேகமா!" என்றான். வின்னிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கல்யாணத்தன்றுகூட அவள் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

ஆபீசில் குமாஸ்தா பழைய பதிவேட்டைப் பிரித்தான். டார்பி அளவுக் கம்பத்தில் சாய்ந்து, யாரும் பிடிக்காமல் நின்றான்.

"உயரம் அஞ்சடி ஏழு அங்குலம்னு எழுதியிருக்கு. இவரு அஞ்சடி அஞ்சுதான் இருக்காரு. முடி பழுப்புன்னு இருக்கு. இங்க முடியவே காணோம்."

"ரோட்டுக்குக் கல்லு ஒடச்சதுல ரெண்டு அங்குலம் தேஞ்சு போச்சுங்க," என்றான் டார்பி.

"இவருதான் அவருன்னு யாராச்சும் சத்தியம் பண்ணணும்."

"நான் பண்றேன். என் புருஷன்," என்றாள் வின்னி.

"பொண்டாட்டி சாட்சி செல்லாதும்மா. இவரோட எஜமான் வந்து சொல்லணும்."

மணி பன்னிரண்டாக நான்கு நிமிஷம் இருந்தது. பின்னால் பெக் முதலில் களுக்கென்றாள். பிறகு ரொட்டிக்காரன். வின்னி மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"எஜமான் யாருன்னு அந்தப் புஸ்தகத்துலயே பாருங்க."

குமாஸ்தா விரலை வரி வரியாக இறக்கினான். நிறுத்தினான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பைபிளை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இவன் டார்பி ஹாலரன். என் வேலையாள்," என்றாள் வின்னி, நிமிர்ந்து நின்று. "மூணு வருஷமா எங்கிட்ட இருக்கான். நல்லவன். கொஞ்சம் வாய் நீளம்."

முத்திரை விழுந்தபோது தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. வாசலில் மாலுமிகள் தொப்பியை மேலே எறிந்தார்கள்.

இறக்கத்தில் வின்னியும் பெக்கும் மட்டும்தான். டார்பி பத்திரத்தை நெஞ்சில் வைத்துப் பிடித்திருந்தான்.

"இனி உன் அதிகாரம் எங்கிட்ட செல்லாதுடி."

"சரிங்க. மொத உத்தரவு என்ன, போடுங்க பாப்போம்."

"மெதுவாத் தள்ளு."

மெதுவாகத் தள்ளினாள். துறைமுகம் தெரிந்ததும், "இவ்வளவு மெதுவாத் தள்ளினாப் போதுமா?" என்று கேட்டாள். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. பெக் எட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். வின்னி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

முனையில் கான்ஸ்டபிள் தடியை நீட்டி மறித்தான். "நில்லு. யாரோட ஆளு இவன்? பாஸ் எங்க?"

வின்னி டார்பியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். அவனும் கைதியாக வந்தவன்தான். தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொப்பியைக் கழற்றினான்.

"மன்னிக்கணும், மிஸ்டர் ஹாலரன். தெரியாமக் கேட்டுட்டேன். நீங்க எங்க வேணும்னாலும் போலாங்க."

வின்னி உடனே நகரவில்லை. டார்பியின் முகத்தில் விழுந்த வெயிலுக்குத் தன் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து மறைப்பாகப் போட்டாள். பிறகு வண்டியைப் பிடித்தாள்.