பன்னிரண்டு பேர் எங்கே?

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காய்ச்சல் நின்றுவிட்டது என்று ஒரு தோட்டமே சிரித்த நாளில், ஒரு மனிதர் மட்டும் நடுங்கிப்போன கதையைச் சொல்கிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது எனக்கும் பயம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, ஐப்பசி மாதம். மலாயாவில் பாலோ பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம், முந்நூற்றுச் சொச்சம் பேர். அங்கே மருந்து கொடுக்கிற டிரெசர் கனகசுந்தரம், யாழ்ப்பாணத்துக்காரர். துரையும் காய்ச்சலில் விழுந்துவிட்டதால் பெரிய கங்காணி சபாபதி சொன்னதுதான் சட்டம்.

திங்களன்று மூன்று பேர் படுத்தார்கள். செவ்வாய், மொத்தம் ஆறு. புதன், பன்னிரண்டு. அன்று காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, டிரெசர் வந்து நின்றார்.

"நாளையிலயிருந்து பெரட்டு வேண்டாம், கங்காணியார். சனங்கள் ஒண்டா நிக்கக் கூடாது."

"பன்னெண்டு பேருதானே சாமி? அதுக்குள்ள தோட்டம் முழுகிருமா?"

"பன்னிரண்டைப் பாக்காதேங்கோ. அது வந்த விதத்தைப் பாருங்கோ. நாளைக்கு இருபத்துநாலு. வெள்ளி நாப்பத்தெட்டு. சனி தொண்ணூத்தாறு. ஞாயிறு நூத்துத் தொண்ணூத்திரண்டு. திங்கள் தண்ணி குடுக்கவும் ஆள் நிக்காது."

"ஐயாவுக்கு வாயா, பட்டாசுத் திரியா?" என்றார் கங்காணி. வரிசை முழுதும் சிரித்தது.

வியாழன் வந்தது. டிரெசர், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புதிதாக ஒருவரும் படுக்கவில்லை.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று கங்காணி கையைத் தட்டினார். "மத்தியானம் எல்லாரும் கோயிலுக்கு வாங்க. பொங்கல் வைப்போம்."

டிரெசருக்கு வேர்த்துக் கொட்டியது. சரிவில் உருளுகிற கல் பாதியில் தானாக நிற்குமா? இன்னும் பன்னிரண்டு பேர் எங்கே?

எங்கே என்பது லயத்தில் குடியிருந்த வெள்ளையம்மாவுக்குத் தெரியும். முதலில் ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குத் தூக்கிப்போன மூவரில் இருவர் பாயில் சுருட்டிய பிணமாகத்தான் வெளியே வந்தார்கள். அதிலிருந்து லயத்தில் ஒரு வழி பிறந்தது. டிரெசர் முன்வாசலில் வந்தால், நோயாளியை அடுப்படி வழியாக, அவர் பார்த்து முடித்த வீட்டுக்குக் கடத்திவிடுவார்கள். வெள்ளையம்மாவின் புருஷன் லெட்சுமணனையும் அப்படித்தான் செவ்வாயிலிருந்து ஒளித்தார்கள். தலைப்பக்கம் அவள், கால்பக்கம் அடுத்த வீட்டுக் கருப்பாயி.

மத்தியானம் கோயிலில் கூட்டம் நெரிந்தது. கருப்பாயி பொங்கல் பானையோடு வந்து வெள்ளையம்மாவை உரசி நின்றாள். கண் சிவந்திருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சேலையைப் பிடித்துக்கொண்டு இருமின.

டிரெசர் கோயில் வாசலில் நின்று கூட்டத்தைக் கும்பிட்டார். "ஒருத்தரையும் தூக்கிக்கொண்டு போகமாட்டன். அவையவை தங்கட வீட்டிலையே கிடக்கட்டும். எங்கை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

வெள்ளையம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஆளை நம்பலாமா? சொன்னால் புருஷன் பாயில் வருவானா? முந்தாநாள் காய்ச்சலில் புருஷன் ஒருவன். கருப்பாயியோடு இரண்டு. பிள்ளைகளோடு நாலு. அந்த நாலும் இதோ முந்நூறு பேரின் மூச்சுக்குள் நிற்கிறது.

"என் வூட்டுக்காரரு அடுப்படியில கெடக்காரு!" என்று கத்திவிட்டாள். "கருப்பாயிக்கும் நெருப்பாக் கொதிக்குது!"

"அடி பாவி, காட்டிக் குடுத்துட்டியேடி!" என்றாள் கருப்பாயி.

"திட்டுடி. வூட்டுல படுத்துக்கிட்டுத் திட்டு."

அப்புறம் ஒரு கை உயர்ந்தது. பின்னால் இன்னொன்று. டிரெசர் எண்ணினார். பன்னிரண்டு இல்லை, பத்தொன்பது. ஒளித்த வீட்டிலெல்லாம் நோய் புகுந்திருந்தது.

"பழைய பன்னெண்டோட முப்பத்தொண்ணு," என்று கங்காணி முணுமுணுத்தார். "நாளைக்கு அறுவத்திரண்டு. அப்புறம் நூத்து..." விரல் பாதியில் நின்றது. முகம் சாம்பல் பூத்தது. "பானைய எறக்குங்க. எல்லாரும் வூட்டுக்குப் போங்க. பெரட்டு கெடையாது."

டிரெசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒருவரையும் தூக்கவில்லை. கதவுகள் சாத்திக் கிடந்தன. கஞ்சியும் தண்ணீரும் வாசற்படியில் வைத்துவிட்டு விலகினார்கள். வெள்ளிக்கிழமை மொத்தம் நாற்பத்தைந்து. சனி ஐம்பத்திரண்டு. ஞாயிறு ஐம்பத்துமூன்று. டிரெசர் அந்த ஐம்பத்துமூன்றைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாராம், நம்ப முடியாமல்.

வெள்ளையம்மா தினமும் சாயங்காலம் சுவரைத் தட்டுவாள். "கருப்பாயி, இருக்கியாடி?" அந்தப் பக்கத்திலிருந்து வசவு வரும். அதைக் கேட்டால்தான் இவளுக்கு மூச்சு வரும். மூன்று நாள் வந்தது. நாலாம் நாள் தட்டினாள், தட்டினாள், வரவில்லை.

லெட்சுமணன் எட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். கருப்பாயியின் பிள்ளைகள் இரண்டும் பிழைத்தன. வெள்ளையம்மா அடுத்த வீட்டுக் கதவைத் திறந்து அவற்றைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, மூவருக்கும் ஒரே சட்டியில் கஞ்சி காய்ச்சினாள்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டில் படுத்தவர் எழுந்திருக்கட்டும். அடுத்த வீட்டிலிருந்து எப்போதும் குரல் கேட்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நூறு வருஷம் நன்றாயிருங்கள்.