நாற்காலிக்குச் சொன்ன பதில்

"இது யாரு நைனா?" என்று கேட்டாள் சொக்கம்மாள்.

ஜெகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "கல்பனா. என் சம்சாரம்" என்றான்.

"என் ராசா!" சொக்கம்மாள் மகன் கையில் ஒரு கடலை மிட்டாயை வைத்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? தடுமாறவே இல்ல. நாளிக்கு உங்க வூட்டு ஜனங்க முன்னாடியும் இப்டியே சொல்லிட்டான்னா போதும், நான் கண்ண மூடிக்குவேன்."

கல்பனா தலையாட்டினாள். நாளை அவளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி முடித்த கையோடு அவளைப் பிரசவத்துக்குத் திருப்புட்குழிக்கு அழைத்துப்போக அப்பா தாமோதரன் கார் பேசியிருந்தார். பிள்ளை பிறந்து அதற்குத் தலை நின்ற பிறகுதான் இந்த வீட்டுக்குத் திரும்ப முடியும். அதற்குள் இவர் என்னைச் சுத்தமாக மறந்துவிடுவாரே என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்த பயம். நேற்று நடந்ததை இன்று வரை சுமக்க முடியாத தலை அது. அத்தனை மாதப் பிரிவை எங்கிருந்து சுமக்கும்?

தை மாதம் அறுவடை முடிந்து உத்திரமேரூர் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். அவள் உண்டாகியிருக்கும் சேதி கேட்டு, ஸ்வீட் பாக்ஸை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு பறந்து வந்த ஜெகனின் பைக் அந்த நெல்லில் சறுக்கியது. தலையில் அடி. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அம்மாவைத் தெரிந்தது. எந்த மடையைத் திறந்தால் எந்தக் கழனிக்குத் தண்ணீர் பாயும் என்பதும் தெரிந்தது. கடைசிச் சில வருஷங்கள் மட்டும் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாற்போலப் போய்விட்டன. கல்பனா அவன் வாழ்க்கைக்குள் வந்ததே அந்த வருஷங்களில்தான்.

"யாரும்மா நீ? எங்கம்மாவைப் பாக்க வந்தியா?" என்று கட்டிலில் படுத்தபடி அவன் மரியாதையாகக் கேட்டபோது, அவள் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அவளுக்காக மூன்று பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற மனிதர் அவர்.

அழுது முடித்ததும் அவளுக்குப் பிடிவாதம் வந்தது. கல்பனா பி.எட். படித்தவள். கற்றலின் உளவியல் என்ற தாளில் கல்லூரியிலேயே அதிக மார்க் வாங்கியவள். திரும்பத் திரும்பச் செய்தால் மனதில் பதியும். சரியான பதிலுக்கு உடனே ஒரு பரிசு கொடுத்தால் இன்னும் ஆழமாகப் பதியும். படித்த இடத்திலேயே கேட்டால் நினைவு சுலபமாக வரும். பாடம் அவளுக்குத் தலைகீழாக ஞாபகம் இருந்தது. கூடத்தில் காலண்டருக்குக் கீழே அந்தத் தேக்கு நாற்காலியைப் போட்டாள். தினமும் நாஷ்டா முடிந்ததும் அதில் உட்கார்ந்தாள். மாமியார் கேட்டுத் தலையசைப்பாள், அவன் சொல்வான், கடலை மிட்டாய் வரும். முதலில் தப்பும் தவறுமாக வந்த பதில், போகப் போக கேட்டு முடிப்பதற்குள் வந்தது.

பதில் சரியாக வந்ததே தவிர, அதைச் சொல்லும்போது அவன் கண்ணில் எதுவும் அசையவில்லை. அது மட்டும் அவளுக்கு உறுத்தியது. வேறு வழியில்லாதவள் உறுத்தலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

இடையில் எத்தனையோ நடந்தது. வயிறு பெருத்துவிட்டதால் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் அவளால் சட்டென்று எழ முடியாது. அப்போதெல்லாம் ஜெகன் எங்கிருந்தாவது வந்து கையை நீட்டுவான். எழுப்பி விட்டுவிட்டு, "யாரும்மா நீ?" என்றும் கேட்பான். அந்தக் கேள்விதான் அவள் காதில் விழுந்தது. கையை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அது பாடத்தில் இல்லையே.

மறுநாள் கூடம் நிறைந்துவிட்டது. கல்பனாவின் பிடிவாதத்தால் சடங்குக்கும் அதே தேக்கு நாற்காலியையே, அதே காலண்டருக்குக் கீழே போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இருந்தால் அவருக்குத் தடுமாறாது என்பது அவள் கணக்கு. கணவனை இழந்தவள் என்பதால் சொக்கம்மாள் தானாகவே ஒதுங்கி சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள்.

"இன்னா மாப்ள, ஒடம்பு தேவலையா? இது யாருன்னு தெரியுதா?" என்று தாமோதரன் விளையாட்டு போலத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெகன் நாற்காலியைப் பார்த்தான். கூட்டத்துக்கு மேலாக எட்டி சமையலறை வாசலில் இருந்த முகத்தைத் தேடினான். "கல்பனா. என் சம்சாரம்."

கூடமே கை தட்டியது. தாமோதரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எம் பொண்ணு கெட்டிக்காரி, புருசன மீட்டுக்கினு வந்துட்டா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். கல்பனாவுக்கும் ஒரு நிமிஷம் அது உண்மை என்றே தோன்றிவிட்டது.

வளையல் அடுக்கி முடிந்ததும், குழந்தைக்காகக் காத்திருக்கும் இன்னொரு பெண்ணை அதே இடத்தில் உட்கார வைத்து வளையல் போடுவது அவர்கள் வழக்கம். கல்பனாவின் சித்தப்பா மகள் திவ்யாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. "குந்துடி, அடுத்து நீதான்" என்று அவளைத் தள்ளி உட்கார வைத்தார்கள். சந்தனமும் பூவும் வளையலுமாக அவள் ஜெகனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். மாமனிடம் வம்பு செய்யும் உரிமை அவளுக்கு உண்டு.

"மாமா! நான் யாரு, சொல்லு பாக்கலாம்?"

ஜெகன் நாற்காலியைப் பார்த்தான். சமையலறை வாசலைப் பார்த்தான். சொக்கம்மாள் பதறிப்போய்த் தலையை அசைத்தாள். அது வேண்டாம் என்ற அசைப்பா, சொல் என்ற அசைப்பா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"கல்பனா. என் சம்சாரம்" என்றான். சொல்லிவிட்டு, கடலை மிட்டாய்க்காக உள்ளங்கையை நீட்டினான்.

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு அதுவும் நின்றது. "அய்யோ, அக்கா, நான் சும்மா…" என்று திவ்யா முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நீட்டிய கை வெறுமையாக இருந்ததால் ஜெகன் குழம்பிப்போய், இன்னும் சத்தமாக, "கல்பனா. என் சம்சாரம்" என்றான்.

கல்பனா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

கொல்லைப்புறத்தில் மோட்டார் ரூம் படியில் போய் விழாத குறையாக உட்கார்ந்தாள். அவர் என்னைப் படிக்கவே இல்லை. நாற்காலியைப் படித்தார். அத்தையின் தலையாட்டலைப் படித்தார். மிட்டாய்க்காகச் சொன்னார். கிளிக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல என் புருஷனுக்கு என் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதையே காதல் என்று நம்பிக்கொண்டிருந்தேனே! வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. இதற்கு அப்பா என்று யாரைக் காட்டுவது? அந்த நாற்காலியில் இதையும் உட்கார வைத்து அவருக்கு மிட்டாய் கொடுப்பதா? இரண்டு கை வளையல்களையும் படியில் மோதி உடைத்துவிடலாம் என்று ஓங்கினாள். அதற்கும் தைரியம் வரவில்லை.

தாமோதரன் வந்து நின்றார். "கெளம்பும்மா. நீ பட்டது போதும். இனிமே இந்த வூட்டுக்கு நீ வரணுமா இன்னான்னு அப்பறமா பேசிக்கலாம்."

அவள் எழ முயன்றாள். கை நிறைய வளையலோடு ஊன்ற முடியாமல் மீண்டும் உட்கார்ந்துவிட்டாள்.

மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து ஜெகன் வந்தான். அவளை நேராகப் பார்க்கக்கூட இல்லை. கையை நீட்டினான். அவள் அப்படியே இருந்தாள்.

"புடிம்மா" என்றான். "நீ தனியா எந்திரிக்க மாட்ட."

"உனக்கு எப்டிப்பா தெரியும்?" தாமோதரன் கேட்டார்.

ஜெகன் யோசித்தான். முகம் பேஜாராகிப் போனது. "தெரியலீங்க. யாரு இவங்க?"

பின்னாலேயே வந்திருந்த சொக்கம்மாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். "முட்டி வலிச்சி முட்டி வலிச்சி நான் தெனம் செவுத்தப் புடிச்சிக்கினு எந்திரிக்கறேன். பெத்தவளுக்கு ஒரு நாள் கை குடுத்திருப்பானா இவன்?" என்றாள். கோபம் போலத்தான் ஆரம்பித்தாள், பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. "இவ எந்திரிக்கும்போது மட்டும் மோந்து பாத்தவனாட்டம் வந்துடறான்."

கல்பனா அந்தக் கையையே பார்த்தாள். விபத்து நடந்தபோது அவளுக்கு வயிறு தெரியவே ஆரம்பிக்கவில்லை. அப்படியென்றால் இது பழைய ஞாபகம் இல்லை. யாரும் கேட்காமல், யாரும் மிட்டாய் கொடுக்காமல், இந்த உடைந்த தலைக்குள் புதிதாக ஒன்று தங்கியிருக்கிறது. அவரை விட்டுப் போவதைப் பற்றியே இத்தனை நாள் உழன்றுகொண்டிருந்தோமே!

"அப்பா, அவரும் நம்மோட வரட்டும்."

"எங்கே?"

"நம்ம வூட்டுக்கு. பிரசவம் முடியற வரைக்கும்."

"இன்னாது?" சொக்கம்மாள் பதறினாள். "ஆம்பள போயி பொண்டாட்டி வூட்ல மாசக்கணக்கா குந்திக்கினு கீறதா? ஊரு இன்னா பேசும்?"

"அத்தே, ஊருக்காகத்தான் அந்த நாற்காலிய போட்டோம்."

 மகனும் போய்விட்டால் அந்த வீட்டில் மிச்சம் சொக்கம்மாள் ஒருத்திதான். அவனுக்குத் தெரிந்த முகமும் அவள் ஒருத்திதான். அவள் கொடியில் கிடந்த மகனின் லுங்கியை இழுத்து மடிக்க ஆரம்பித்தாள். "அவனுக்கு ராத்திரிலே போர்வை இல்லாம தூக்கம் வராது" என்றாள் யாரையும் பார்க்காமல். வளைகாப்பு முடிந்து போகிறவள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. கல்பனா சொல்லவில்லை. ஜெகன் மட்டும் காரிலிருந்து, "ம்மா, வரேன்" என்று கத்தினான். சொக்கம்மாள் உள்ளே போய்விட்டாள்.

வழியெல்லாம் கல்பனா அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாற்காலியோடு ஒட்டிக்கொண்டதுபோல இதுவும் அந்தக் கொல்லையோடு ஒட்டிக்கொண்டது என்றால்? அந்த வாசற்படியோடு, அந்த மாட்டுக்கொட்டகையோடு?

திருப்புட்குழியில் கார் நின்றது. ஜெகன் இறங்கித் தெருவைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான். அம்மாவைத் தேடினான். திருவிழாவில் தொலைந்த பிள்ளையின் முகம். கல்பனா தன் பக்கத்துக் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தாள். அதற்குமேல் எழ முடியவில்லை. கூடவே காரில் வந்து, தாங்கிப் பிடிக்க ஓடிவந்த திவ்யாவைக் கண்ணாலேயே நிறுத்தினாள். கூப்பிட்டால் அவன் வந்துவிடுவான். கூப்பிட்டால் அது இன்னொரு பாடம். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் தெருக்கோடி வரை பார்த்துவிட்டு, பயந்த முகத்தோடு திரும்பினான். அவளிடம் வந்து கையை நீட்டினான்.

"இது யாரு வூடும்மா?" என்று கேட்டான்.

"எழுந்துட்டு சொல்றேன்" என்று அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.